ஆகாது

சென்ற மாதம் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் நடந்த ஒரு சின்ன வழக்கிலிருந்து தொடங்குகிறேன். கூடாது, ஆகாது, வேண்டாம், முடியாது என்ற நான்கு சொற்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதி வரும்படி சொல்லியிருந்தேன். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண், "எங்கள் பள்ளிக்குச் செல்போன் கொண்டுவர ஆகாது" என்று எழுதி வந்தாள். சிவப்பு மையால் அடித்து, 'கொண்டுவரக் கூடாது' என்று திருத்திக் கொடுத்தேன். மறு வாரம் அவளுடைய தாயார் நோட்டும் கையுமாக வந்துவிட்டார்.

"சார், எங்க வீட்டிலே எதைச் செய்யக் கூடாதுன்னாலும் என் மாமியார் 'ஆகாது'ன்னுதான் சொல்லுவாங்க. வெள்ளிக்கிழமை நகம் வெட்ட ஆகாது, விளக்கு வச்சப்புறம் வீடு பெருக்க ஆகாதுன்னு குழந்தை தினம் கேக்கறா. அதையே எழுதினா தப்புன்னு போட்டுட்டீங்களே, எப்படி?"

நியாயமான கேள்விதான். அவருக்கு அங்கேயே நின்றபடி இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லி அனுப்பினேன். சொன்ன பதில் எனக்கே போதவில்லை. இந்த ஒரு சொல்லால் என் வீட்டில் ஒரு காலத்தில் பெரிய விபரீதம் நேர இருந்தது. அதை இந்தப் பக்கத்தில் எழுதவேண்டும் என்று பல ஆண்டுகளாக நினைத்துத் தள்ளிப்போட்டு வந்தேன். இந்த இதழில் பாடத்தோடு சேர்த்து அதையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். ஆகாது என்பது ஆகு + ஆ + து. 'ஆகு' பகுதி. நடுவிலுள்ள 'ஆ' எதிர்மறை இடைநிலை. 'து' ஒன்றன்பால் விகுதி. வராது, போகாது, தெரியாது எல்லாம் இதே வார்ப்புதான். இந்த வகைச் சொற்களில் காலம் காட்டும் உறுப்பு எதுவும் இல்லை என்பதைக் குழந்தைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள். 'வந்தது' என்றால் நேற்று, 'வரும்' என்றால் நாளை. 'வராது' என்றாலோ பொதுவாக எப்போதும் வராது என்றும் கொள்ளலாம், இனிமேல் வராது என்றும் கொள்ளலாம். அதனால்தான் ஒரு காரியத்தை ஒரேயடியாக மறுப்பதற்கு இந்த வார்ப்பு இவ்வளவு வசதியாக இருக்கிறது. பாட்டி "ஆகாது" என்று சொல்லிவிட்டால், அது நேற்றும் ஆகாது, இன்றும் ஆகாது, நாளைக்கும் ஆகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் வீட்டுத் தமிழில் 'தடை செய்' என்று யாரும் சொல்வதில்லை. தடை, விலக்கு, மறுப்பு எல்லாம் அரசாணையிலும் செய்தித்தாளிலும் இருக்கின்றன. அடுக்களைக்கும் கூடத்துக்கும் அவை வருவதில்லை. ஒரு குழந்தையைத் தடுக்க நாம் எடுக்கும் சொற்களெல்லாம் வேறு வேலைக்காகப் பிறந்த வினைகளின் எதிர்மறைகளே. கூடு என்றால் சேர், அதிலிருந்து கூடாது. தகு என்றால் பொருந்து, அதிலிருந்து தகாது. வேண்டு என்றால் விரும்பு, அதிலிருந்து வேண்டாம். முடி என்றால் நிறைவேறு, அதிலிருந்து முடியாது. ஆகு என்றால் உண்டாகு, நிகழ், அதிலிருந்து ஆகாது. ஆக, 'செய்யாதே' என்று நேரே கட்டளையிடுவதை விட்டு, 'அது சேராது, பொருந்தாது, நிகழாது' என்று சுற்றி வளைத்துத்தான் தடுக்கிறோம்.

இதில் 'கூடு' செய்யும் வேடிக்கை தனி. 'மழை வரக்கூடும்' என்றால் வர வாய்ப்பு உண்டு என்று பொருள். 'மழை வரக்கூடாது' என்றால் வர வாய்ப்பில்லை என்றா பொருள்? இல்லை. வரவேண்டாம் என்பது நம் ஆசை! உடன்பாட்டில் வாய்ப்பைச் சொல்லும் சொல் எதிர்மறையில் தடையாகிவிடுகிறது. திருக்குறளில் 'கூடா நட்பு' என்று ஒரு அதிகாரம் இருக்கிறது. அதைக் 'கூடாத நட்பு, அதாவது வைத்துக்கொள்ளக் கூடாத நட்பு' என்று பிள்ளைகள் பொருள் எழுதுவார்கள். வெளியே நட்பாகக் காட்டி உள்ளத்தால் கூடாதிருப்பது என்பதே அங்கே பொருள். அந்தக் 'கூடா'வில் சேர்க்கை என்னும் பழைய வேர் இன்னும் உயிரோடு இருக்கிறது. தெலுங்கு பேசும் நண்பர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 'செய்யக் கூடாது' என்பதற்கு அவர்களும் 'செய்யகூடது' என்பார்கள். சொல் ஒன்றே.

இப்போது நம் சொல்லுக்கு வருவோம். 'ஆகாது' என்பது எத்தனை வேலை செய்கிறது என்று ஒருநாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் (தில்லியில் திண்ணை ஏது, பால்கனிதான்) உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்.

"என்னால் ஆகாது" என்றால் என் சக்திக்கு அப்பாற்பட்டது. "அது ஆகாத காரியம்" என்றால் நடக்க முடியாதது. "அரை மணிக்கு மேல் ஆகாது" என்றால் அவ்வளவு நேரம் பிடிக்காது. "இந்தக் குடை ஒன்றுக்கும் ஆகாது" என்றால் உபயோகமில்லை. "அவருக்கும் இவருக்கும் ஆகாது" என்றால் பகை, பேச்சுவார்த்தை இல்லை. "அவனைக் கண்டாலே இவளுக்கு ஆகாது" என்றால் வெறுப்பு; இது ஒருவர் பக்கம் மட்டும் இருப்பது. "எனக்குக் கத்திரிக்காய் ஆகாது" என்றால் தின்றால் உடம்புக்குக் கெடுதல். "வெள்ளிக்கிழமை நகம் வெட்ட ஆகாது" என்றால் வழக்கத்தில் விலக்கப்பட்டது. கூடவே "இந்த வீடு எங்களுக்கு ஆகிவரவில்லை" என்று ஒன்று இருக்கிறது. குடிவந்த நாளிலிருந்து கஷ்டம் என்று அர்த்தம். மாமியார்-மருமகள் கதைகளில் வரும் 'ஆகாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம்' என்ற பழமொழியில் இருப்பது வெறுப்பா, பகையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இத்தனை பொருளும் ஒரே சொல்லில் அடங்கியிருந்தும் ஊரில் வளர்ந்தவர்கள் ஒருபோதும் குழம்புவதில்லை. காரணம், சொல் ஒன்றானாலும் அதற்கு முன்னால் நிற்பது வேறு வேறு. யாருக்கு என்ற கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஓர் ஆளும், அருகே ஒரு பண்டமும் இருந்தால் அது உடம்பைப் பற்றிய பேச்சு. 'அவருக்கும் இவருக்கும்' என்று இரண்டு ஆள் இருந்தால் அது உறவைப் பற்றிய பேச்சு. ஆளே இல்லாமல் ஒரு நாளோ வேளையோ திசையோ, கூட ஒரு செயலோ இருந்தால் அது வழக்கத்தைப் பற்றிய பேச்சு. வடக்கே தலைவைத்துப் படுக்க ஆகாது என்னும்போது யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும்தான். 'என்னால்' என்று மூன்றாம் வேற்றுமை வந்தால் அது ஆற்றலைப் பற்றியது. வேற்றுமை உருபு எதற்குப் படிக்கவேண்டும் என்று என்னிடம் கேட்ட பிள்ளைகள் பலர். இதற்குத்தான்.

அந்தப் பெண்ணின் வாக்கியத்துக்கு வருகிறேன். பள்ளியில் செல்போன் தலைமையாசிரியர் போட்ட விதி. நாளைக்கே அவர் மாற்றிக்கொள்ளலாம். அப்படி ஒருவர் போட்ட விதிக்குக் 'கூடாது' என்பதே வழக்கு. ஆகாது என்று சொல்லும்போது விதித்தவர் யாரும் இல்லை. செய்தால் கெடுதல் அந்தச் செயலிலிருந்தே வரும் என்பது அதன் குறிப்பு. ஆகவேதான் ரயில் நிலையத்தில் 'புகை பிடிக்கக் கூடாது' என்று பலகை வைக்கிறார்கள். 'புகை பிடிக்க ஆகாது' என்று வைப்பதில்லை. ஆனால் வைத்தியர், "உங்க நெஞ்சுக்குப் புகை ஆகாது" என்பார். அந்தப் பெண் எழுதியதில் இலக்கணப் பிழை இல்லை என்று அவளுடைய தாயாரிடம் ஒப்புக்கொண்டேன். சிவப்பு மை போட்டது சற்று அவசரம்தான். என்றாலும் அந்தக் குழந்தைக்கு 'ஆகாது' என்றால் வெள்ளிக்கிழமைச் சமாச்சாரம் மட்டுமே என்று தெரிந்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் மகனுக்கும் அப்படித்தான் இருந்தது.

அது 1993ஆம் ஆண்டு, மழைக்காலம். என் தாயார் கும்பகோணத்திலிருந்து எங்களோடு வந்து தங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு ஹிந்தியில் 'பானி', 'பஸ்' இரண்டு வார்த்தைதான் தெரியும். என் மகனுக்குப் பதினொரு வயது. பிறந்தது முதல் தில்லி. வீட்டில் எங்களோடு தமிழ் பேசுவான், வாசலைத் தாண்டினால் ஹிந்தி. நானோ அப்போதே ஞாயிறு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என் பிள்ளையின் தமிழைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அம்மாவுக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தது. நானும் என் மனைவியும் ஆபீஸ் போகவேண்டிய நாள். பையனுக்குப் பள்ளி விடுமுறை. பக்கத்திலிருந்த மருந்தகத்துக்குப் பாட்டியும் பேரனுமாகப் போனார்கள். டாக்டர் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டாரா, இல்லையா என்பது எனக்குத் தெரியாது, கூட்டமான நாள். கம்பவுண்டர் ஜன்னலில் மாத்திரையைத் தள்ளினார். பெரிய வெள்ளை மாத்திரை. அம்மா அதைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டுவிட்டார். ஊரில் சில வருஷங்களுக்கு முன்பு அதே மாதிரி மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துப்போய், அங்கே டாக்டர், "இது சல்பா, உங்களுக்கு ஆகாது, இனிமே தொடாதீங்க" என்று சொல்லியிருந்தார். பெயர் அம்மாவுக்கு நினைவில்லை. மாத்திரையின் முகம் நினைவிருந்தது.

"டேய், இது எனக்கு ஆகாதுன்னு சொல்லுடா அவர்கிட்டே" என்றார்.

பையன் சொன்னான். என்ன சொன்னான் என்பதைப் பிற்பாடு அவனிடம் பலமுறை கேட்டுத் தெரிந்துகொண்டேன். 'தாதி இதைச் சாப்பிடமாட்டார், எங்கள் வீட்டில் இது மனா ஹை' என்று ஹிந்தியில் சொல்லியிருக்கிறான். மனா என்றால் விலக்கு. கம்பவுண்டர், "வ்ரத் ஹை க்யா?" என்று கேட்டிருக்கிறார், விரதமா என்று. அன்று வெள்ளிக்கிழமை. பாட்டி காலையில் தலைக்குக் குளித்து விளக்கேற்றியதைப் பார்த்த பையன், ஆமாம் என்று தலையாட்டிவிட்டான். அவர் சிரித்து, மருந்துக்கு விரதம் கிடையாது மாதாஜி, கடவுள் ஒன்றும் சொல்லமாட்டார் என்று கைகூப்பியிருக்கிறார். கைகூப்பிச் சிரித்து ஏதோ சொன்னதைப் பார்த்த அம்மா, தாம் சொன்னதை அவர் புரிந்துகொண்டு, இது அது அல்ல, வேறு மாத்திரை என்று உறுதி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் நல்லெண்ணத்தோடுதான் பேசினார்கள்.

மத்தியானம் ஒன்று, இரவு ஒன்று. இரவு பத்து மணிக்கு அம்மாவின் உதடு வீங்கத் தொடங்கியது. பிறகு கண். உடம்பு முழுவதும் சிவந்து தடித்தது, மூச்சு இழுத்தது. எங்களிடம் அப்போது வண்டி இல்லை. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் தன் மகனை எழுப்பிக் காரை எடுக்கச் சொல்லி, தானும் பின்னால் அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஊசி போட்டு இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். தோல் உரிந்து பழைய நிலைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. சல்பா வகை மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதைவிடக் கடுமையாகவும் ஆவது உண்டு. உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு என்று டாக்டர் சொன்னார்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லவேண்டும். அம்மா தில்லிக்கு வந்த புதிதில், அந்தப் பஞ்சாபி வீட்டில் நான் டீ குடித்துவிட்டு வந்ததைப் பார்த்து, "அங்கேயெல்லாம் தண்ணி குடிக்கறது நமக்கு ஆகாது" என்று முகம் சுளித்தார். யார் வீட்டில் கை நனைக்கலாம், யார் வீட்டில் கூடாது என்று ஊரில் நாம் ஏற்படுத்திவைத்த வேலிகளுக்கும் இந்தச் சொல்லைத்தான் காவல் வைத்திருந்தோம். அதை மறைத்து இந்தப் பாடத்தை எழுதினால் அது பொய்ப்பாடம். ஆஸ்பத்திரியில் அந்த அம்மாள் ப்ளாஸ்கில் கொண்டுவந்த வெந்நீரை அம்மா வாங்கிக் குடித்தார். ஆகுமா ஆகாதா என்ற பேச்சு எழவில்லை.

பையன்தான் ஒடுங்கிப்போனான். "நான் சரியாத்தானே சொன்னேன்?" என்று கேட்டுக் கேட்டு அழுதான். அவனைக் குறைசொல்ல எனக்கு வாய் எழவில்லை. எங்கள் வீட்டில் அவன் காதில் விழுந்த ஆகாதெல்லாம் என்ன? செவ்வாய், வெள்ளி நகம் வெட்ட ஆகாது. வாசற்படியில் உட்கார ஆகாது. விளக்கு வைத்தபின் உப்பு இரவல் கொடுக்க ஆகாது. வெளியே புறப்படுகிறவரை எங்கே என்று கேட்க ஆகாது. இவற்றுக்கெல்லாம் நானே சிரித்து, "பாட்டிக்கு அப்படி ஒரு நம்பிக்கை" என்று அவனுக்கு விளக்கமும் சொல்லியிருக்கிறேன். அவன் அந்த விளக்கத்தைத்தான் ஜன்னலில் மொழிபெயர்த்தான். பாட்டியின் சொல்லை நான் நம்பிக்கை என்ற ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தேன். உடம்புக்கும் அதே சொல் என்று ஒருநாளும் திறந்து காட்டவில்லை. தமிழ் வாத்தியார் வீட்டில் இது நடந்தது.

அன்றிலிருந்து வகுப்பில் இந்தச் சொல்லுக்கு ஹிந்தியில் என்னென்ன என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறேன். ஹிந்தியில் இதற்கு ஒரு சொல் கிடையாது; நாலைந்து உண்டு. விதிக்கும் வழக்கத்துக்கும் 'மனா ஹை'. பலகையில் எழுதும்போது 'வர்ஜித்', 'நிஷேத்'. உடம்புக்கு ஆகாது என்பதற்கு 'சூட் நஹீன் கர்தா' என்று ஆங்கிலத்தைக் கலந்துதான் எல்லோரும் பேசுகிறார்கள். மருந்தானால் 'இஸ் தவா ஸே அலர்ஜி ஹை' என்பதுதான் பத்திரமானது. வைத்தியர் சொன்னபடி சில பண்டங்களை ஒதுக்குவது 'பர்ஹேஸ்'. அது நம் பத்தியம். பகைக்கு வரும்போதுதான் ஓர் அழகான ஒற்றுமை. 'உன் தோனோங் கீ ஆபஸ் மேங் நஹீன் பன்தீ' என்பார்கள், அவர்கள் இருவருக்கும் ஆகாது என்று சொல்ல. 'பன்னா' என்றால் உண்டாகு, ஆகு. நாம் ஆகு என்ற வினையிலிருந்து எடுத்ததை அவர்கள் பன்னா என்ற வினையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். இந்த ஒரு இடத்தில் குழந்தைகள் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலும் மோசமில்லை.

பெங்களூரில் இருக்கும் நம் வாசகர்களுக்கு இந்தச் சிரமம் குறைவு. கன்னடத்திலும் 'ஆகு' உண்டு. முடியாது என்பதற்கு 'ஆகல்லா' என்பார்கள், ஒருவரைக் கண்டால் பிடிக்காது என்பதற்கும் 'கண்டரெ ஆகல்லா' என்பார்கள். வேர் ஒன்றாக இருப்பதால் கிளைகளும் ஏறத்தாழ ஒரே பக்கம் வளர்ந்திருக்கின்றன.

தமிழிலேயே உடம்பைக் குறிக்க வேறு சொற்கள் இருக்கின்றனவே என்றால், இருக்கின்றன. 'ஒத்துக்கொள்ளாது' என்பது எல்லோருக்கும் விளங்கும். சிலர் வீட்டில் 'சேராது' என்பார்கள். சொறி, சிரங்கைக் கிளப்பும் பண்டத்துக்குக் கிராமத்தில் 'கரப்பான் பண்டம்' என்றே பெயர். கத்திரிக்காயும் கருவாடும் அந்தப் பட்டியலில் முதலில் வரும். 'ஒவ்வாது' என்ற பழைய சொல்லிலிருந்து அலர்ஜிக்கு 'ஒவ்வாமை' என்று அறிவியல் தமிழில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், நல்ல தேர்வு. ஆனால் பாட்டிமார் ஒவ்வாமை என்று சொல்லப்போவதில்லை. அவர்கள் ஆகாது என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டுப் பிரித்துப் புரிந்துகொள்வது நம் பிள்ளைகளின் பொறுப்பு.

செயலுக்கும் பண்டத்துக்கும் மட்டுமல்ல, சொல்லுக்கே ஆகாது உண்டு என்பதையும் தொட்டுவிடுகிறேன். புறப்படும்போது 'போகிறேன்' என்று சொல்ல ஆகாது, 'போய்வருகிறேன்' என்கிறோம். விளக்கை அணை என்று சொல்ல ஆகாது. எங்கள் அம்மா 'விளக்கை மலையேத்து' என்பார். இருட்டில் பாம்பின் பெயரைச் சொல்ல ஆகாது. 'பூச்சி' என்றோ 'நல்லது' என்றோ சொல்வார்கள். இறந்தாரை இறைவனடி சேர்ந்தார் என்கிறோம். பெரியவர்கள் முன்னால் சொல்லத் தயங்குவதை, 'கால் கழுவி வந்தேன்' என்று மறைத்துச் சொல்கிறோம். இதையெல்லாம் பாட்டி கதை என்று தள்ளிவிடவேண்டாம். நன்னூல் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றையும் சேர்த்துத் தகுதி வழக்கு என்று அது பெயரிடுகிறது. சபையில் சொல்லத் தகாததை மறைப்பது இடக்கரடக்கல். அமங்கலத்தை மங்கலமாக்குவது மங்கலம். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொள்ளும் சொல் குழூஉக்குறி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த மூன்றையும் வரும் மாதம் விரிவாக நடத்தப்போகிறேன். அதற்குள் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு ஆளுக்குப் பத்துச் சொல் சேகரித்து வரச்சொல்லுங்கள். விளக்குக்கு மட்டுமே ஊருக்கு ஊர் வேறு வேறு சொல் கிடைக்கும்.

வழக்கங்களைப் பற்றி என் கருத்தைக் கேட்பவர்கள் உண்டு. இருட்டில் நகம் வெட்டினால் விரலை வெட்டிக்கொள்வோம், பெருக்கினால் கீழே விழுந்த திருகாணி குப்பையோடு போகும் என்று சிலவற்றுக்குக் காரணம் ஊகிக்கலாம். எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்து விஞ்ஞானம் என்று சொல்லுகிற கட்சியில் நான் இல்லை. செவ்வாய்க்கிழமை முடி வெட்ட ஆகாது என்பதற்கு எனக்குக் காரணம் தெரியாது. தில்லியில் நாவிதர் கடைகள் பல, வெகுகாலமாகச் செவ்வாயன்று அடைத்திருப்பதைப் பார்த்து, இந்த விஷயத்தில் வடக்கும் தெற்கும் ஒரே கட்சி என்று அம்மா திருப்திப்பட்டுக்கொண்டது மட்டும் தெரியும்.

பயிற்சிக்கு வருகிறேன். கீழே உள்ள வாக்கியங்களைக் குழந்தைகளிடம் வாசித்துக் காட்டி, ஒவ்வொன்றும் உடம்பா, உறவா, வழக்கமா, ஆற்றலா என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல ஹிந்தியில் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

தாத்தாவுக்கு இராத்திரியில் தயிர் ஆகாது.

சித்தப்பாவுக்கும் அந்த வீட்டுக்காரருக்கும் ஆகாது.

இவ்வளவு பெரிய மூட்டையைத் தூக்க என்னால் ஆகாது.

விளக்கு வைத்தபின் ஊசி கொடுக்க ஆகாது.

பாட்டிக்கு இந்த ஊசி ஆகாது.

கடைசி இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருப்பது வேண்டுமென்றேதான். முதல் ஊசி தையல் ஊசி. அதைக் கொடுத்தால் ஒன்றும் ஆகிவிடாது. இரண்டாவது ஊசிக்கு 'மனா ஹை' என்று எந்தக் குழந்தையாவது எழுதினால், பெற்றோர்கள் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்திவிடவேண்டும்.

அம்மா 2006ஆம் ஆண்டு வரை எங்களோடு இருந்தார். அவருடைய சுருக்குப் பையில், வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவே நாலாக மடித்த ஒரு காகிதம் எப்போதும் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் பேரன் எழுதிக் கொடுத்தது. மேலே ஹிந்தியில், சல்பா மருந்து அலர்ஜி என்று பெரிய எழுத்தில். கீழே தமிழில், "பாட்டிக்கு இது ஆகாது. விரதம் இல்லை" என்று.